மேஸ்திரி இல்லாமல் வந்தவர்கள்

கண்ணு,

பெருநாளுக்கு வரவில்லை என்று நீ அனுப்பியதைக் கடையில் நின்றுகொண்டுதான் படித்தேன். எதிரே ஒரு பெங்களூர்க் குடும்பம் காப்பித்தூளுக்காக நின்றிருந்தது. அரைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு இன்னொரு முறை படித்தேன். ஃபேக்டரியை மூடுகிறார்கள், இந்த மாதத்தோடு எனக்கும் முடிந்தது, இங்கேயே வேறு வேலை தேடிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, "அந்தப் பசங்க இருக்கிற ஊருக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றதும்மா." உன் வேலை போனதைச் சொல்ல உனக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது. அவர்களைச் சொல்லத்தான் தனியாக ஒரு வரி வேண்டியிருந்தது. அதைக் கவனித்தேன்.

பதில் ஃபோனில் அடங்கவில்லை. தாளில் எழுதுகிறேன். அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன். உன் பெயரும் உன் கம்பெனியின் பெயரும் இதில் இருக்காது. கார்கள் விற்காமல் போய், ஃபேக்டரிக் கூரைகள் காலியாகி, ஊருக்குப் போவதா வேண்டாமா என்று ஒரு வாடகை அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நீ ஒருவன் மட்டும் இல்லை. அவர்களில் யாராவது படிக்கட்டும். அவர்களுடைய அம்மாக்களும் படிக்கட்டும். ஆனால் எழுதுவது உனக்குத்தான்.

மேலே தலைச்சோலை ஊர்ப் பையன்கள் ஆறு பேரை நீ கூட்டிக்கொண்டு போன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, காப்பி பறிப்புக்கும் போக மனமில்லாமல், சேலத்தில் வேலையும் கிடைக்காமல் இருந்தவர்கள். உங்கள் கம்பெனியில் புது மாடல் வந்த நேரம். ஆள் வேண்டியிருந்தது. நீ லீவில் வந்தவன் அவர்கள் ஊர்க் கோயில் மரத்தடியில் போய் உட்கார்ந்து பேசினாய். ஒப்பந்த வேலைதான், ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் நிலைத்துவிடலாம் என்றாய். நீ அதை நம்பித்தான் சொன்னாய். நானும் நம்பினேன். ஒண்டிக்கடையில், நம் கடைக்கு எதிரே, பஸ்ஸுக்காக நின்றபோது அவர்களின் வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். சதீஷின் அம்மா வெள்ளையம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கங்க தம்பி" என்றாள். "நான் இருக்கேனுங்க" என்று நீ சொன்னாய். அவர்கள் பேச்சிலேயே சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு அவர்கள் ஊரில் என்ன எடை என்று எனக்கு அன்று தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது. நீ இந்த மலையில் பிறந்தவன்தான். ஆனால் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை.

நல்ல வருடங்கள் இருந்தன. அதை மறக்க வேண்டாம். உனக்குக் கதவுகள் பொருத்தும் பிரிவு. லீவில் வரும்போதெல்லாம் கடை வாசலில் நிற்கும் டூரிஸ்ட் கார்களின் கதவு இடுக்கில் நகத்தை ஓட்டிப் பார்ப்பாய். ஒரு முறை கார்க்காரர் ஓடி வந்து, என்ன தம்பி கீறுறே என்று சண்டைக்கு நின்றார். இது எங்கள் கார், இந்த இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று நீ அவருக்கே பாடம் எடுத்தாய். அவர் கடைசியில் ஒரு பாக்கெட் மிளகு வாங்கிக்கொண்டு போனார். பொங்கலுக்கு வந்த பையன்களும் அப்படித்தான். கோவிந்தன் கதவுக்கு ரப்பர் மாட்டுபவன். சதீஷ் முன்விளக்கு. வண்டிகளைப் பார்த்து, இது என் கை, இது உன் கை என்று பேசிக்கொண்டு போவார்கள். உங்கள் கம்பெனி காரை நான் விளக்கை வைத்தே அடையாளம் காணப் பழகியிருந்தேன். மலை ஏறி வரும் வண்டிகளில் அது குறைந்துகொண்டே வந்ததையும் நான்தான் முதலில் பார்த்திருப்பேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

நீயும் முழுதாகச் சொல்லவில்லை. விற்காத கார்கள் மைதானத்தில் வெயிலில் நிற்கின்றன என்றாய். வாரத்தில் சில நாள் லைன் ஓடாது என்றாய். இரண்டு ஷிஃப்ட் ஒன்றாகிவிட்டது என்றாய். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாய். நான் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய கூரை. அதற்குள் பஸ் ஓடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அது நின்றுபோகும் என்று ஒரு சின்னக் கடைக்காரிக்கு எப்படித் தோன்றும். கடையில் வியாபாரம் இல்லாவிட்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். மறுநாள் ஏற்றுவோம். அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் ஒப்பந்தக்காரர்களை அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு டீ கொடுத்து, ரிலீவ் செய்கிறோம் என்று உங்கள் மேலாளர் சொன்னதாகச் சொன்னாய். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்றும், கொஞ்ச நாளில் அவரும் போய்விட்டார் என்றும் சொன்னாய். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. காரை வாங்காதவர்கள்மேலா.

மிளகு காயப் போட்டிருந்த சமயம். சேலம் பஸ்ஸிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். நீதான் அவர்களை பஸ் ஏற்றிவிட்டாய் என்றும், ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாய் என்றும் பிறகு தெரிந்தது. உனக்கு அன்று ஷிஃப்ட். நீ செய்தது போதாது என்று நான் அன்றைக்கு நினைக்கவே இல்லை. நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொண்டாய் என்று நினைத்தேன். அவர்கள் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தலைச்சோலை பஸ்ஸுக்கு நடந்தார்கள். எப்போதும் கடைக்குள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள். சதீஷ் மட்டும் வரவில்லை. அங்கேயே ஏதோ வேலை பார்க்கிறான் என்று நீ சொன்னாய்.

நான் கடைக்காரியாக யோசித்தேன். நம்மால் ஒருவருக்கு ஒரு குறை வந்தால் பொருளைக் கொடுத்துச் சரிசெய்வது நம் வழக்கம். காப்பித்தூளில் கசடு என்று ஒருவர் திரும்பி வந்தால் வேறு பொட்டலம் கொடுப்போம், கூட ஒரு பிடி போடுவோம். அதையே செய்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வீட்டுக்கு ஒரு பையாகக் கட்டினேன். உன் அத்தா வேண்டாம் என்றார். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆட்டோ வைத்துக்கொண்டு தலைச்சோலைக்குப் போனேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள். காப்பி கொடுத்தார்கள். பையை மட்டும் யாரும் தொடவில்லை. வாசலில் இருந்தது வாசலிலேயே இருந்தது. நான் போன ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி. வெள்ளையம்மா அதை இரண்டு முறை கேட்டாள். "தம்பி வரலிங்களா பாயம்மா?" வேலை வாங்கிக் கொடுத்தவனைக் காணோம் என்று குத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவனுக்கு லீவு இல்லைங்க என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். இறங்கும் வழியெல்லாம் எனக்குக் கோபம். என் பிள்ளை என்ன செய்வான். அவனா கம்பெனியை நடத்துகிறான்.

அதற்குப் பிறகு சில வாரம் போயிருக்கும். சீசன் தொடங்கி, கோவிந்தனுக்குக் கடைவீதிப் பக்கம் கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கும் வேலை கிடைத்திருந்தது. ஒரு நாள் உங்கள் கம்பெனி கார் ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரர்கள் இறங்கிப் போனார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. கோவிந்தன் போய் அதைத் திறந்து, ஒரு தடவை சாத்தினான். காதை அருகில் வைத்துக்கொண்டு நின்றான். கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டீ வாங்க இந்தப் பக்கம் வந்தவனை நான்தான் கூப்பிட்டேன். எப்படி இருக்கே கோவிந்தா என்று கேட்டேன். அவன் சிரித்தான். அவனுக்கு எப்போதும் வாய் நீளம்தான், உனக்குத் தெரியுமே.

"எங்களுக்கு என்னங்க பாயம்மா. ஊருக்குள்ள நல்ல பேரு வெச்சிருக்காங்க. மேஸ்திரி இல்லாத கேங்காம் நாங்க. எங்க போனாலும், ஏனுங்க, மேஸ்திரிய எங்க வுட்டுட்டு வந்தீங்கன்னு கேக்கறாங்க."

நானும் சிரித்தேன். புரியாமல் சிரித்தேன். அவன் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. அத்தாவிடம் கேட்டேன். அவர் கணக்கில்லாமல் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குக் கொஞ்சம் பேசினார். அவர் சின்ன வயதில் கடைச் சாமான்களோடு எஸ்டேட்களுக்குப் போய் வந்தவர். பறிப்புக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஊருக்குள் வந்து பேசி ஆட்களைக் கூட்டிப்போவான். வேலை முடிந்தாலும், மழையில் பாதியில் நின்றாலும், அவனே கூட நடந்து வந்து ஊர் முகப்பில் நிற்பான். எல்லோரும் பார்க்கும்படி நிற்பான். கூலி கிடைத்ததா இல்லையா என்பது வேறு பேச்சு. அவன் நின்றால், வேலைதான் முடிந்தது, இவர்கள்மேல் தப்பில்லை என்று பொருள். ஆட்கள் தாங்களாகத் திரும்பி வந்தால், என்னமோ செய்துவிட்டு விரட்டப்பட்டு வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

"இப்பல்லாம் ஏது மேஸ்திரி, எல்லாம் ஜீப்புல போறாங்க, வர்றாங்க. ஆனா அந்தப் பேச்சு போகலை" என்றார். முன்னாடியே சொல்லக் கூடாதா என்றேன். அவனுக்கு அங்கே எவ்வளவு பாரமோ, இதையும் எதுக்கு ஏத்தணும்னு இருந்துட்டேன் என்றார்.

இப்போது புரிகிறதா, கண்ணு. அவர்கள் வேலையைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்டார்கள்.

தலைச்சோலையில் யாருக்கும் கார் கம்பெனி நொடிப்பது என்றால் என்ன என்று தெரிய வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். அவர்கள் கண்ட காட்சி ஒன்றுதான். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனவன் வரவில்லை. ஐந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். அப்படியானால் உள்ளே என்ன திருடினார்கள், யாரை அடித்தார்கள். இதை யாரும் முகத்துக்கு நேராகக் கேட்பதில்லை. கிண்டலாகக் கேட்கிறார்கள். கோவிந்தனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வேலை போனதற்காக இல்லை. அவர்களுக்கும் நிலம் இருக்கிறது, வேலை இல்லாத மாப்பிள்ளைகளை அவர்கள் பார்த்தவர்கள்தான். ஏன் போனது என்று தெரிய வேண்டும் என்கிறார்களாம். கோவிந்தன் கம்பெனி கொடுத்த தாளை எடுத்துக் காட்டியிருக்கிறான். இங்கிலீஷில் இருந்த அந்தத் தாள் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

நான் மறுபடியும் போனேன். இந்த முறை கையை வீசிக்கொண்டு போனேன். வெள்ளையம்மா ஆரஞ்சுச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போலக் காப்பி. பிறகு சதீஷைப் பற்றிப் பேசினாள். அவன் அம்மாவிடம் ஃபோனில், ரிலீவ் பண்ணிட்டாங்க என்று சொல்லியிருக்கிறான். அவள் காதில் அது லீவு என்று விழுந்திருக்கிறது. ஊர் முழுக்க, என் பையனுக்கு நீளமா லீவு விட்டிருக்காங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் திருத்தவில்லை. அந்த ஊரின் நல்ல மனம் அது. அல்லது கெட்ட மனமோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"லீவு வுட்டா ஊட்டுக்கு வரோணுமில்லீங்க பாயம்மா. மத்தவனுங்க எல்லாம் வந்துட்டானுங்க. இவன் மட்டும் அங்க என்ன பண்றான்?" என்று கேட்டாள்.

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் தெரியுமுங்க. லீவு இல்லைன்னு. மொதல்ல தெரியல, அப்பறம் தெரிஞ்சுது. லீவுன்னு சொல்லிட்டா அவன் வர்றப்ப யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு அப்படியே வுட்டுட்டேன். வேலை போனா போவுதுங்க. காடு இருக்குது. நொம்ப நாளாச்சுங்க, அவன் மூஞ்சியப் பாத்து."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. இரண்டு பேரும் ஒரே பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. உன்னைப் பற்றி அவள் கேட்டாள். உன் வேலையும் போகப்போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உன் செய்தி. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்கிறாய். உன் கணக்கில், வேலை இருந்தபோது அவர்களோடு வராதவன் வேலை போன பிறகு எப்படி வருவது. நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். நன்றாக இருக்கும்போது நீ வந்திருந்தால் இங்கே ஒரு அதிகாரி வந்ததுபோல இருந்திருக்கும். இன்றைக்கு வந்தால், லைனே நின்றுவிட்டது, எனக்கும் போய்விட்டது என்று உன் வாயால் சொல்லலாம். அதைவிடத் தெளிவான சாட்சி அவர்களுக்கு வேறு என்ன வேண்டும். கூட்டிக்கொண்டு போனவனே கையை விரித்துக்கொண்டு நிற்கிறான் என்றால், போனது வேலைதான், பேர் இல்லை என்று அந்த ஊர் எடுத்துக்கொள்ளும். உன் வேலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த வருத்தத்தோடு செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. எல்லா வருத்தத்துக்கும் அப்படி ஒன்று வாய்ப்பதில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீ தப்புச் செய்யவில்லை. விளக்கமும் வேண்டாம். எந்த நாட்டில் எந்த விலை ஏறியது, எந்த மாடல் ஓடவில்லை என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லாதே. கோயில் பக்கம், எல்லோரும் வந்துபோகும் இடத்தில், அந்தப் பையன்களோடு கொஞ்ச நேரம் நில். யாராவது கேட்பார்கள். வேலை நின்னு போச்சுங்க, இவங்க மேல ஒண்ணும் இல்லீங்க என்று சொல். அவர்கள் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். காப்பி கொடுப்பார்கள். குடி. கோவிந்தன் ஏதாவது கிண்டல் செய்வான். வாங்கிக்கொள். அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அதற்குப் பிறகு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. கடையைப் பார்த்துக்கொள் என்று சொல்ல மாட்டேன். அத்தாவும் சொல்ல மாட்டார். நீ கதவு பொருத்தக் கற்றவன். அந்தக் கைக்கு எங்காவது வேலை இருக்கும், இல்லாவிட்டால் வேறொன்றைக் கற்றுக்கொள்ளும். கம்பெனிகள் வரும், போகும் என்று தைரியம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. போகும்போது அவை யாரையும் வீட்டுவரை கொண்டுவந்து விடுவதில்லை. அது அவற்றின் வழக்கம் இல்லை. நமக்கும் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

சதீஷ் உன் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான் என்று ஒரு முறை சொன்னாய். சாப்பாட்டுப் பைகளை வண்டியில் வைத்துக்கொண்டு ஓடுகிறான், என்னைப் பார்த்தால் வேறு தெருவுக்குத் திரும்பிவிடுகிறான் என்றாய். நீயும் திரும்பியிருப்பாய். இரண்டு பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒரே ஊரில் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். அவன் ஒளிவது உன்னிடமிருந்து இல்லை, கண்ணு. தனியாக இறங்கி நடக்க வேண்டிய அந்த ஊர் முகப்பிலிருந்து. மற்ற ஐந்து பேர் நடந்தது அவனுக்குத் தெரியும்.

அவன் அறைக்குப் போ. கதவைத் தட்டு. வா போகலாம் என்று சொல். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். வர மாட்டேன் என்றால் அங்கேயே உட்கார்ந்திரு. பெருநாளைக்கு வர முடியாவிட்டால் அதற்கு அடுத்த வாரம் வாருங்கள். எனக்குப் பெருநாள் பெரிதில்லை.

சேலம் பஸ் ஒண்டிக்கடையில்தான் நிற்கும். நீங்கள் இறங்கினால் என் கண்ணில் படுவீர்கள். நான் கூப்பிட மாட்டேன். அத்தா எழுந்தாலும் கையைப் பிடித்து உட்கார வைப்பேன். கடைக்குள் வராதே. தண்ணீர் குடிக்கக்கூட வராதே. அவனையும் கூட்டிக்கொண்டு நேராகத் தலைச்சோலை பஸ்ஸில் ஏறு. அவன் அம்மா முதலில் பார்க்கட்டும். நான் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா